பெயர் எழுதாத படங்கள்

தருமபுரி நகரின் பழைய தெருவொன்றில், ஓட்டு வீட்டுத் திண்ணையில், 88 வயது மூதாட்டி ஒருவரின் எதிரே நாம் அமர்ந்திருந்தோம். அவருடைய மடியில் ஒரு திருமணப் படம். அட்டையில் ஒட்டப்பட்டு, ஓரங்கள் பழுப்பேறி, ஒரு மூலையில் இராமபாணப் பூச்சி அரித்திருந்தது. பின்புறத்தில் பென்சிலால் எழுதிய ஒரு தேதி மட்டும் மங்கலாகத் தெரிந்தது. ஆண்டு 1956.

கோவில் படிகளில் மணமக்கள் நிற்கிறார்கள். அவர்களைச் சூழ உறவினர். குழந்தைகளையும் சேர்த்து எண்ணினால் 17 பேர். மூதாட்டி ஒவ்வொரு முகத்தின் மேலும் விரல் வைத்துச் சொல்லிக்கொண்டே வந்தார். "இது எங்க பெரியப்பா. இது சின்ன அத்தை. இந்தப் பையன் நாந்தான் தூக்கி வளர்த்தவன்." பதினோரு முகங்கள் வரை விரல் தயங்காமல் சென்றது. பிறகு நின்றுவிட்டது. "பேரு வாயிலயே இருக்குது கண்ணு, வரமாட்டேங்குது" என்றார். எஞ்சிய ஆறு பேரும் நம்மைப் பார்த்தபடியே இருந்தார்கள்.

நம் நகரின் நடு நூற்றாண்டுக் காலத்தை, அதாவது ஏறக்குறைய 1940 முதல் 1965 வரையிலான காலத்தை, பழைய புகைப்படங்களின் வழியாகவும் முதியோரின் நினைவுகளின் வழியாகவும் அறிந்துகொள்ளலாம் என்ற எண்ணத்தோடுதான் நாம் புறப்பட்டோம். அந்த ஆறு முகங்கள் நம் தேடலின் திசையையே மாற்றிவிட்டன. படம் இருந்தால் கடந்தகாலம் இருக்கிறது என்று நினைத்திருந்தோம். படம் மட்டும் இருந்தால் போதாது என்று அன்று புரிந்தது.

புகைப்படக் கருவி நம் பகுதிக்கு வந்த கதையைச் சற்றுப் பின்னோக்கிப் பார்ப்போம். சென்னை மாகாண அரசின் புகைப்படக் கலைஞராக 1856-இல் அமர்த்தப்பட்ட லின்னேயஸ் ட்ரைப் என்ற படை அதிகாரி, அன்றைய சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த இராயக்கோட்டையையும் அதைச் சுற்றிய இடங்களையும் படமெடுத்தார். அப்படங்கள் 1858-இல் தனித் தொகுப்பாக வெளிவந்தன. மெழுகு பூசிய தாளில் பதியும் முறை அது. ஒளி நெடுநேரம் விழுந்தால்தான் உருவம் பதியும். பாறையும் கோட்டைச் சுவரும் அசையாமல் நின்றன, பதிந்தன. அவ்வழியே நடந்து போன மனிதன் அத்தாளில் தடம் பதிக்காமலே போய்விட்டான். நம் மண்ணின் முதற்படங்களில் கல் இருக்கிறது, மனிதன் ஏறக்குறைய இல்லை.

இருபது ஆண்டுகள் சென்றன. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. சேலம் மாவட்டம் மிகக் கொடிதாக அடிபட்ட மாவட்டங்களுள் ஒன்று. 1871-ஆம் ஆண்டுக் கணக்கில் இருந்த மக்கள்தொகை, 1881-ஆம் ஆண்டுக் கணக்கில் குறைந்தே காணப்பட்டது. பத்தாண்டுகளில் பெருகியிருக்க வேண்டிய மக்கள் குறைந்துபோனார்கள் என்றால், அவ்விடைவெளியில் நிகழ்ந்ததை நாம் ஊகித்துக்கொள்ளலாம். அப்பஞ்சத்தில் எலும்பும் தோலுமாய் நின்றவர்களை வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற படை அதிகாரி படமெடுத்தார். அப்படங்கள் உலகெங்கும் பரவின. பசித்தவர்களை வரிசையாக அமர்த்திப் படமெடுத்ததற்காக அவர் மீது கண்டனமும் எழுந்தது. அப்படங்களில் மனிதர்கள் இருக்கிறார்கள். ஆனால், ஒருவருக்கும் பெயர் இல்லை. பசி அவர்களைக் கருவியின் முன் நிறுத்தியதேயன்றி, அவர்களாக விரும்பி வந்து நிற்கவில்லை.

இவ்விரண்டையும் மனத்தில் இருத்திக்கொண்டு நடு நூற்றாண்டுக்கு வந்தால்தான், ஓர் எளிய குடும்பம் தன் சொந்த விருப்பத்தால் படப்பிடிப்பு நிலையத்தின் படியேறியது எத்தகைய மாற்றம் என்பது விளங்கும். கல்லுக்குப் பிறகு, பெயரற்ற பசிக்குப் பிறகு, இப்போது மனிதர் தாமே வருகிறார். தலைவாரி, பொட்டலத்தில் மடித்து வைத்திருந்த ஒரே நல்ல சட்டையை அணிந்து வருகிறார். நகை இல்லாதவர் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி வருகிறார். படமெடுத்தால் ஆயுள் குறையும் என்று பாட்டி தடுத்தும் வருகிறார். பின்னால் தொங்கும் திரையில் மாளிகைப் படிக்கட்டும் தடாகமும் தீட்டப்பட்டிருக்கும். பக்கத்து முக்காலியில் மணி ஓடாத கடிகாரமோ காகிதப்பூ வைத்த சாடியோ இருக்கும். மழைக்காகக் காத்திருந்து, கிணற்று நீரை நம்பிப் பிழைத்த குடும்பம், தீட்டப்பட்ட தடாகத்தின் முன் நிமிர்ந்து நிற்கிறது. இதை நாம் ஏளனமாகப் பார்த்தல் ஆகாது. தம்மை எவ்வாறு நினைவுகூர வேண்டும் என்று அவர்கள் நமக்குச் சொல்லிவிட்டுப் போன முறை அது.

ஆனாலும் எல்லாராலும் உயிரோடு இருக்கும்போது அப்படியேற முடியவில்லை. பல கத்தோலிக்க வீடுகளில், பாட்டனாரின் ஒரே படம் அவர் இறந்த அன்று எடுக்கப்பட்டதாகவே இருக்கும். பெட்டியைச் சற்று உயர்த்திச் சாய்த்து வைத்து, சுற்றிலும் மக்களும் மருமக்களும் பேரப்பிள்ளைகளும் நிற்க எடுத்த படம். வாழ்நாள் முழுதும் ஒரு படத்துக்குச் செலவழிக்கத் துணியாத மனிதருக்காக, அவர் கண்மூடிய பிறகு வீட்டார் கடன் வாங்கிச் செலவழித்திருக்கிறார்கள். அவர் முகம் மறந்துவிடக் கூடாதே என்ற அச்சம் அவர்களை அப்படிச் செய்ய வைத்தது.

இனி, இப்படங்களைப் படிக்கும் முறையைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். தேதி எழுதாத படமும் தன் காலத்தைத் தானே சொல்லும், கேட்கத் தெரிந்தால். தெருப் படமொன்றில் கடைப்பலகை தெரிந்தால் விலையைப் பாருங்கள். அணாக் கணக்கு மட்டும் இருந்தால் அப்பலகை பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முன் எழுதப்பட்டது. அம்மாதம் முதல் தேதியன்றுதான் நயா பைசா வந்தது. பள்ளிக் குழுப் படத்தில் மாணவர் காலடியில் வைத்த பலகையில் சேலம் ஜில்லா என்று இருந்தால், அது 1965 அக்டோபர் 2-க்கு முற்பட்டது. அந்நாளில்தான் தருமபுரி தனி மாவட்டமாயிற்று. கிருஷ்ணகிரி அதிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது 2004-இல். மாநிலத்தின் பெயர் சென்னை என்று இருந்தால், 1969 ஜனவரிக்கு முந்தையது என்று கொள்ளலாம். யானைத் துதிக்கை போன்ற வளைவுடன் 'லை'யும் 'னை'யும் எழுதப்பட்டிருந்தால், 1978-இல் வந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வழக்கம் அது.

கோவிலுக்குள் எடுத்த படங்களுக்கு வேறொரு நாட்காட்டி உண்டு. குருவானவர் மக்களுக்கு முதுகு காட்டி, சுவரையொட்டிய பீடத்தை நோக்கி நின்றால், அது பெரும்பாலும் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் மாற்றங்கள் நம் ஊர்களை எட்டுவதற்கு முன் எடுத்த படம். சங்கம் நடைபெற்றது 1962 முதல் 1965 வரை. படத்தில் ஆயர் இருந்தால் இன்னும் எளிது. சேலம் மறைமாவட்டம் 1930-இல் உருவானது. பாரிசு வெளிநாட்டு மறைபரப்புச் சபையைச் சேர்ந்த ஆயர் பிரூனியே 1947 வரை அதை வழிநடத்தினார். 1949-இல் ஆயர் செல்வநாதர் பொறுப்பேற்றார். எனவே பிரெஞ்சு ஆயரா, தமிழ் ஆயரா என்று பார்த்தாலே நாற்பதுகளை ஐம்பதுகளிலிருந்து பிரித்துவிடலாம். தருமபுரி தனி மறைமாவட்டமாக மலர்ந்தது 1997 ஜனவரியில்தான். ஆகவே நடு நூற்றாண்டுப் படங்கள் எல்லாவற்றிலும் நாம் சேலத்துப் பிள்ளைகளாகவே நிற்கிறோம்.

படத்தில் உள்ளதைப் படிப்பது போலவே, இல்லாததையும் படிக்க வேண்டும். நாற்பதுகளில் எடுத்த கடைத்தெருப் படத்தில் கள்ளுக்கடைப் பலகை தென்படவில்லை என்றால், நம் முன்னோர் அனைவரும் குடியை அறியாதவர் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இராஜாஜி அரசு 1937 அக்டோபர் முதல் தேதியன்று மதுவிலக்கை முதன்முதலாக நடைமுறைப்படுத்தியது நம் சேலம் மாவட்டத்தில்தான். பலகை இல்லாமைக்குக் காரணம் சட்டம். அதுபோலவே, பழைய பள்ளிப் படங்களில் பெண்பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். எண்ணி முடிக்க அதிக நேரம் ஆகாது. பெண்பிள்ளைகளுக்குப் படிப்பில் ஆசை இல்லையென்று அதற்குப் பொருளா? வீட்டில் தம்பியைத் தூக்கிக்கொண்டு நின்ற அக்காளை எந்தப் பள்ளிப் படத்தில் தேடுவது?

நினைவுக்கும் இதே எச்சரிக்கை தேவை. முதியவர் ஒருவர், தாம் விவரம் தெரிந்த வாலிபனாக, ஐம்பதுகளில், மொரப்பூரிலிருந்து தருமபுரிக்குச் சின்ன இரயிலில் வந்ததாக நம்மிடம் சுவையாக விவரித்தார். அப்படியோர் இரயில் இருந்தது உண்மை. பஞ்சக் காலத்தில் தானியம் கொண்டுவர உதவும் என்ற நோக்கில் இடப்பட்ட பாதை அது. இரண்டரை அடி அகலமே உள்ள தண்டவாளத்தில், 1906-இல், மொரப்பூருக்கும் தருமபுரிக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர் ஓடத் தொடங்கியது. 1913-இல் ஓசூர் வரை நீண்டது. ஆனால், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1941-இல், அது மூடப்பட்டது. ஐம்பதுகளில் ஓடியிருக்க வழியில்லை.

முதியவர் பொய் சொன்னாரா? இல்லை. அவர் பிறந்த ஆண்டைக் கேட்டுக் கணக்கிட்டபோது, அப்பாதை மூடப்பட்ட வேளையில் அவர் ஐந்து வயதுச் சிறுவன் என்று தெரிந்தது. தந்தையின் மடியில் அமர்ந்து வந்த பயணத்தை, தாமே சீட்டு வாங்கி வந்த பயணமாக மனம் வளர்த்துக்கொண்டுவிட்டது. ஆனால் அவர் சொன்ன மற்றொன்றை எந்த ஆவணமும் நமக்குத் தராது. சன்னலோரம் அமர்ந்த தாய், கண்ணில் கரித்தூள் விழாதபடி தம் முந்தானையால் மகன் முகத்தை மூடினாராம். ஆண்டில் நினைவு தவறியது, அந்த முந்தானையில் தவறவில்லை. ஆவணம் ஆண்டைத் திருத்தட்டும். முந்தானையை நினைவே தரட்டும். ஒன்றின் குறையை மற்றொன்று நிறைக்கும்போதுதான் வரலாறு உருவாகிறது.

இந்த உண்மையை அந்தத் திருமணப் படமே நமக்கு மீண்டும் கற்பித்தது. பின்புறமிருந்த தேதியைக் கொண்டு, பங்குத்தந்தையின் இசைவுடன், 1956-ஆம் ஆண்டுத் திருமணப் பதிவேட்டைப் பார்த்தோம். மணமக்களின் பெயர், பெற்றோரின் பெயர், அவற்றுடன் திருச்சபை வழக்கப்படி இரு சாட்சிகளின் பெயர். ஒரு சாட்சி மூதாட்டி ஏற்கெனவே சொன்ன பெரியப்பா. மற்றப் பெயரை எழுதிக்கொண்டு திண்ணைக்குத் திரும்பினோம். படித்துக் காட்டியதும் மூதாட்டியின் முகம் மலர்ந்தது. இரண்டாம் வரிசையில் வலப்புறம், தலைப்பாகையோடு நின்ற மெலிந்த மனிதர் மேல் விரல் சென்றது. "இவருதான். கோலாருக்குப் போனவரு. மாப்பிள்ளைக்கு மாமன் முறை. கல்யாணத்துக்குன்னே லீவு போட்டு வந்தாரு."

ஒரு பெயர் கிடைத்ததும் ஒரு வாழ்க்கையின் வாசல் திறந்தது. கோலார் தங்கவயல் நம் பகுதி மக்களுக்கு அந்நிய ஊர் அன்று. வட ஆர்க்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து தலைமுறை தலைமுறையாக எத்தனையோ குடும்பங்கள் அச்சுரங்கங்களுக்குச் சென்றன. மழை பொய்த்த ஆண்டுகளில் இன்னும் அதிகம் பேர் சென்றார்கள். ஆழத்தில் இறங்கிக் கல்லை உடைத்தவர்கள், பாறைத் தூள் நுரையீரலில் படிந்து இளைத்துத் திரும்பினார்கள். சிலர் திரும்பவேயில்லை. 2001-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அம்மனிதருடைய மெலிவு, படம் எடுத்தவரின் கைக்குறை அன்று. அவர் யாரென்று தெரியும்வரை அவர் வெறும் தலைப்பாகை. பெயர் தெரிந்த பிறகு, நம் நகரின் பஞ்சமும் பயணமும் பாடும் அவர் தோள்களில் தெரிகின்றன.

எஞ்சியவர் ஐந்து பேர். அவர்களுள் ஒரு பெண், தூணின் ஓரமாய்ப் பாதி மறைந்து, இடுப்பில் குழந்தையோடு நிற்கிறார். சாட்சியாக அவர் கையொப்பமிடவில்லை. ஆகவே பதிவேட்டில் அவருக்கு இடமில்லை. சமையலுக்கு வந்தவரா, பக்கத்து வீட்டவரா, உறவினரா? கருவி தம்மைப் பார்க்கிறதா என்ற ஐயத்தோடு அவர் பார்க்கிறார். ஒவ்வொரு பழைய படத்தின் ஓரத்திலும் இப்படி ஒருவர் நிற்கிறார். படத்துக்குள் அழைக்கப்படாமலே நின்றவர்களும், சாதியின் பெயரால் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களும், மலையிலிருந்து புளியும் தேனும் சுமந்து சந்தைக்கு வந்து மாலைக்குள் மலையேறியவர்களும் நம் நகரை உருவாக்கியவர்களே. அவர்களுடைய படம் கிடைக்காது. அவர்களைப் பற்றிக் கேட்டு வைப்பதற்கு, நினைவுள்ள முதியோர் இன்னும் சிலரே இருக்கிறார்கள்.

நம் மண்ணுக்கு இது புதிய பாடம் அன்று. தகடூர் என்று பெயர் பெற்ற இந்நாட்டில், நிரை மீட்கப் போரிட்டு இறந்த வீரர்களுக்கு நடுகல் நாட்டினார்கள். கல்லில் அவன் உருவம். மேலே வட்டெழுத்தில் அவன் பெயர், ஊர், எந்த அரசனின் ஆட்சியில் எதற்காக இறந்தான் என்ற செய்தி. உருவமும் பெயரும் காரணமும் ஒருங்கே அமைந்த நினைவு அது. அத்தகைய கற்கள் பலவற்றைத் தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம். வயல்வெளிகளிலும் ஏரிக்கரைகளிலும் நிற்கும் கற்கள் சிலவற்றில் எழுத்து இல்லை, அல்லது தேய்ந்துவிட்டது. அவற்றையும் மக்கள் மறக்கவில்லை. வேடியப்பன் என்று பெயரிட்டு வழிபடுகிறார்கள். மரியாதை மிஞ்சியது, மனிதன் மிஞ்சவில்லை. எந்தத் தாயின் மகன், எந்த மாட்டு மந்தைக்காக விழுந்தான் என்பது போய்விட்டது. ஆள வந்தவர்களுக்கு இந்தக் குறை நேர்வதில்லை. 1792 முதல் 1799 வரை பாராமகாலில் பணியாற்றி, இந்நகரில் தங்கியிருந்த தாமஸ் மன்றோவுக்கு இங்கு நினைவுத்தூண் நிற்கிறது. எளியவர்களின் பெயரைத்தான் எளியவர்களே காக்க வேண்டியிருக்கிறது.

எனவே அன்பு வாசகர்கள் தங்கள் வீட்டுப் பரணையும் பெட்டியையும் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டுகிறோம். கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்த்தெடுக்க வேண்டாம். ஒட்டு நாடாவும் பேனா மையும் காலப்போக்கில் படத்தை அரிக்கும். மென்மையான பென்சிலால், பின்புறத்தில், அழுத்தாமல் எழுதுங்கள். யார், எந்த ஊர், எந்த ஆண்டு, என்ன நிகழ்ச்சி. கைப்பேசியில் நகல் எடுத்தாலும் பெயர்களைச் சேர்த்தே எடுங்கள். பெயரில்லாத நகல் ஆயிரம் பேருக்குப் பரவினாலும், பெயரில்லாத முகம் ஆயிரமாகப் பெருகும், அவ்வளவே. 1950-இல் பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவருக்கு இன்று 85 வயது கடந்துவிட்டது. அவருக்குத் தெரிந்த பெயர்களைக் கேட்க அடுத்த திருவிழா விடுமுறை வரை காத்திருப்பது நல்லதன்று.

இதைச் சொல்லும் நாம் குற்றமற்றவர்கள் அல்லோம். அன்று வீடு திரும்பியதும் நம் வீட்டுக் கூடத்துச் சுவரில் தொங்கும் படத்தைக் கழற்றிப் பார்த்தோம். பாட்டனாரின் பக்கத்தில் ஓர் இளைஞர் நிற்கிறார். சிறுவயது முதல் பார்த்துப் பழகிய முகம். பின்புறம் வெறும் அட்டை. கேட்டுச் சொல்லக்கூடியவர் நம் குடும்பத்தில் ஒருவர்கூட இன்று இல்லை. பென்சிலை எடுத்தோம். பாட்டனாரின் பெயரை எழுதினோம். அருகில், அந்த இளைஞருக்காக, ஒரு பெயர் அளவுக்கு இடம் விட்டோம்.